குழாய் இருமும் நேரம்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் குழாய், தண்ணீர் வருவதற்கு முன்னால் இருமும். முதலில் நீளமாக ஒரு மூச்சு, அப்புறம் இரண்டு மூன்று கமறல், அதன்பின் துரு நிறத்தில் ஒரு கை தண்ணீர். அதற்குள் அம்மா பாயை விட்டு எழுந்திருப்பாள். ராத்திரி இரண்டு மணியோ மூன்று மணியோ, எந்தத் தூக்கத்திலும் அந்தச் சத்தம் அவள் காதுக்குத் தப்பாது. "எய்யா, எந்திரி. நல்ல தண்ணி வந்துட்டு" என்று என் காலைத் தட்டுவாள். பித்தளைக் குடங்கள் இரண்டு, பிளாஸ்டிக் குடங்கள் ஐந்து, அவள் கல்யாணத்துக்கு வந்த செம்பு அண்டா ஒன்று. எல்லாம் நிறைந்த பிறகுதான் எங்களுக்கு மறுபடி தூக்கம்.

நல்ல தண்ணி என்ற சொல்லை எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும்போது அதில் ஒரு மரியாதை இருக்கும். அடிபம்பில் வருவது உப்புத் தண்ணி. துணி துவைக்கலாம், சோப்பு நுரைக்காது. ஊரைச் சுற்றி உப்பளம், ஒரு பக்கம் கடல். குடிக்கிற தண்ணீர் சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி வல்லநாட்டுப் பக்கம் ஓடும் தாமிரபரணியிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஆற்றுத் தண்ணீரை 1920களில் குழாய் பதித்து ஊருக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் என் பாட்டி கையெடுத்துக் கும்பிடுவாள். சாமியைக் கும்பிடுகிற அதே முகம்தான். சின்ன வயதில் அது யார் என்று கேட்டேன். "நம்ம வாயில தண்ணி ஊத்துன மனுசன்" என்றாள்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். எங்கள் வீட்டு ஜிஐ பைப் பத்து வருசம் தாங்கினால் பெரிது. மூட்டுகளில் துரு பூத்து, ஊசி முனையளவு ஓட்டை விழுந்து, சுவரெல்லாம் ஈரம் பாயும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பைப் ரிஞ்சு பிடிக்கத் தெரிந்தவர். பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பி போட்டு முறுக்குவார். மூட்டை மாற்றினால் மரையில் சணலைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டு தடவுவார். நான் டார்ச் பிடிக்க வேண்டும். எந்த வேலை தொடங்கினாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "வால்வை மூடிட்டியால?"

இந்த வார்த்தையை மறந்துபோனதற்கு நான் பிற்பாடு பெரிய விலை கொடுத்தேன்.

2021 பிப்ரவரியில் நான் டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே பிளானோவில் இருந்தேன். அங்கே போய்ப் பதினோரு வருசம் ஆகியிருந்தது. டெக்சாஸ் வெயில் எங்கள் ஊர் வெயிலுக்கு அண்ணன். பனி என்றால் எனக்கு மார்கழி விடியற்காலையில் தலையில் இறங்குகிற ஈரம்தான். "பனி கொட்டுது, தலைல துண்டைக் கட்டு" என்று அம்மா சொல்வாளே, அந்தப் பனி. அதற்கும் வானத்திலிருந்து விழுகிற உறைபனிக்கும் தமிழில் ஒரே சொல். எங்கள் பனிமய மாதா கோவிலின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. ரோமாபுரியில் ஒரு குன்றின் மேல் ஆகஸ்ட் மாத வெயிலில் உறைபனி விழுந்தது என்ற பழைய நம்பிக்கையில் வந்த பெயர் அது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5-ல், வேர்த்து ஒழுகும் கூட்டத்துக்கு நடுவே, உறைபனியைக் கண்ணால் பார்த்தே இராத ஜனங்கள் பனிமய மாதாவே என்று கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டுத்தான் வளர்ந்தேன். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு பெரிய குளிர் இருந்தது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி அம்மா கூப்பிட்டாள். அவளுக்கு அது திங்கட்கிழமைக் காலை. டிவியில் ஏதோ காட்டியிருக்கிறார்கள்.

"தண்ணி புடிச்சு வச்சியா எய்யா?"

"இங்க எப்பவும் வரும்மா. நிக்கவே நிக்காது."

"எங்கனயும் நிக்கும். புடிச்சு வை."

அவள் மனசுக்காகப் பிடித்து வைத்தோம். அந்தச் செம்பு அண்டாவை 2012-ல் நான் ஊருக்குப் போனபோது பிடிவாதமாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதுவரை அதில் கிறிஸ்துமஸ் விளக்குகளைத்தான் போட்டு வைத்திருந்தோம். என் மனைவி அதைத் துலக்கி நிரப்பினாள். மகள், அப்போது பதினோரு வயது, குளியல் தொட்டியை நிரப்பினாள். அந்த வாரத்தில் நாங்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணி வாக்கில் மின்சாரம் போனது. டெக்சாஸ் தன் மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தனி மின்தொகுப்பு வைத்திருக்கிறது. பக்கத்து மாநிலங்களிலிருந்து பெரிதாக வாங்க முடியாது. எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் குளிரில் முடங்க, ஊர் ஊராக மின்சாரத்தைத் துண்டித்தார்கள். அப்படிச் செய்யாமல் இன்னும் 4 நிமிடம் 37 விநாடி போயிருந்தால் மொத்தத் தொகுப்பும் விழுந்து, மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்று பின்னர் சொன்னார்கள். வீடுகளும் நிறுவனங்களுமாக 45 லட்சத்துக்கு மேல் இருட்டில் கிடந்தன. 16-ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் குளிர் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். அந்த ஊர் அப்படி ஒரு குளிரைப் பார்த்தது அதற்கு முன் 1949-ல். அந்தக் குளிர் 246 பேரின் உயிரை எடுத்ததாக மாநில அரசு கணக்குக் கொடுத்தது. சூட்டுக்காக வீட்டுக்குள் கரி மூட்டியும், மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டும், புகை நச்சில் இறந்தவர்களும் அதில் உண்டு. நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில், வீட்டிலிருந்த எல்லாப் போர்வைக்குள்ளும் கிடந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை சமையலறைக் குழாயைத் திறந்தேன். சத்தமே இல்லை. எங்கள் ஊர்க் குழாய் வறண்டு கிடந்தாலும் திறந்தால் காற்றாவது இழுக்கும். இது ஒன்றுமே செய்யவில்லை.

டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருசமாகக் கனடா குளிரில் குடும்பம் நடத்துகிறவர். அவரைக் கூப்பிட்டேன். "நேற்றிரவு பைப்பைச் சொட்டுச் சொட்டா ஓட விட்டனீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, இப்பவாவது எல்லாத்தையும் திறந்து வையுங்கோ. சிங்குக்குக் கீழ இருக்கிற கதவுகளையும் திறவுங்கோ. நெருப்புக் காட்டிப் போடாதேங்கோ" என்றார். அவர்கள் ஊரில் குழாயை நாலடிக்கும் கீழே புதைத்து, வீட்டின் நிலவறை வழியாக உள்ளே கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டுக்கு நிலவறை கிடையாது. வெயிலை மட்டுமே நினைத்துக் கட்டிய வீடு. குழாய் பரண் மேலே, கூரைக்கு அடியில், ஒரு துணி கூடச் சுற்றாமல் ஓடியது. அதை நான் அன்றுவரை ஏறிப் பார்த்ததில்லை.

எரிவாயு அடுப்பு வேலை செய்தது, தீக்குச்சியால் பற்றவைத்தோம். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, சிங்குக்கு அடியில் குழாயைச் சுற்றினேன். குழாய் வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கிப் போக வேண்டும் என்று நண்பர் சொல்லியிருந்தார். நடுவில் சூடு வைத்தால் உருகுகிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறியது. மறுபடி வெந்நீர், மறுபடி துண்டு. மாலைக்குள் கீழ்த்தளக் குழாய் ஒன்றில் நூல் மாதிரி தண்ணீர் வந்தது. என் மகள் கைதட்டினாள்.

குழாய் ஏன் உடைகிறது என்று அந்த ராத்திரி நண்பர்தான் விளக்கினார். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருகுகிறது. ஆனால் ஐஸ் இருக்கிற இடத்தில் குழாய் கிழிவது குறைவாம். ஐஸ் அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவே அகப்பட்ட தண்ணீர் போக இடமில்லாமல் நெருக்கப்படுகிறது; அந்த நெருக்கம்தான் வேறெங்கோ பலவீனமான இடத்தைக் கிழிக்கிறது. குழாயைச் சொட்ட விட்டால் அந்த அகப்பட்ட தண்ணீருக்கு ஒரு வாசல் கிடைக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்குத் தாத்தாவின் வலது காது ஞாபகம் வந்தது. அவர் குளியாள். 1961-ல் எங்கள் கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் முத்துப்பாருக்குப் போனவர். அதற்குப் பிறகும் பல வருசம் சங்கு குளித்தார். பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு அமுக்கம். காதுக்குள் காற்று போக வழிவிடத் தெரியாமல் இறங்கினால் செவிப்பறை கிழியும். அவருக்கு இளவயதிலேயே கிழிந்துவிட்டது. "மூக்கைப் பிடிச்சு ஊதி, காதைத் தெறக்கணும். தெறக்கலைன்னா எறங்கக் கூடாது. நான் எறங்கினேன்" என்று இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்வார். நான் பொறியியல் படித்தவன். குழாயின் அமுக்கக் கணக்கைப் பரீட்சையில் போட்டவன். அது புத்தியில் ஏறியது தாத்தாவின் காது வழியாகத்தான்.

வெள்ளிக்கிழமை, 19-ஆம் தேதி, வெயில் அடித்தது. மின்சாரம் முந்தின நாளே நிலையாக வந்திருந்தது. மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்திருந்தேன். மாடிக் குளியலறைக் குழாய் இருமியது. முதலில் நீளமாக ஒரு மூச்சு, அப்புறம் கமறல். பல வருசம் கழித்து அந்தச் சத்தம். அரைத்தூக்கத்தில் அம்மா கால்மாட்டில் நிற்கிறாள் என்றே நினைத்தேன். "தண்ணி வந்துட்டு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அடுத்து மகளின் அறையிலிருந்து மழைச் சத்தம்.

பரணில் உறைந்திருந்த செம்புக் குழாய் அதற்கு முன்பே கிழிந்திருக்கிறது. ஐஸ் அடைத்துக்கொண்டு நின்றவரை ஒழுகவில்லை; உருகியதும் திறந்துகொண்டது. கூரைப் பலகை ஊறித் தொங்கி, கண்ணாடிப் பஞ்சோடு அவள் கட்டில் மேல் விழுந்தது. நல்லவேளை, அவள் கீழே இருந்தாள். தண்ணீர் குடம் குடமாகக் கொட்டியது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், துண்டுகளைப் போட்டேன், புத்தகங்களை இழுத்தேன். எல்லாம் செய்தேன், வால்வை மூடவில்லை. மூட வேண்டும் என்று உறைத்தபோது, அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வீட்டுக்கு முன்னால் நடைபாதை ஓரம், பனிக்கு அடியில், ஒரு இரும்பு மூடிக்குள் இருந்தது. அதைத் திருப்ப T வடிவச் சாவி வேண்டும், என்னிடம் இல்லை. எதிர்வீட்டு முதியவர், டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவர், என் சத்தம் கேட்டுச் சாவியோடு வந்து முழங்கால் போட்டுப் பனியைக் கையால் தோண்டி மூடினார். அதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது. மகள் சுவரில் ஒட்டியிருந்த அத்தனை ஓவியமும் கரைந்துவிட்டன. அவள் அழவில்லை. ஏன் சீக்கிரம் மூடவில்லை என்று மட்டும் கேட்டாள். அப்பாவின் குரல்தான் எனக்குள் கேட்டது. அவர் போய் ஆறு வருசம் ஆகியிருந்தது.

சாயங்காலம் பரணில் ஏறினேன். கிழிந்த இடம் மூன்று விரல்கடை நீளம், உதடுகள் வெளியே மடங்கி, வாய்விட்ட சிப்பி மாதிரி இருந்தது. பழைய சைக்கிள் டியூபை எடுத்து அப்பா மாதிரியே இழுத்துச் சுற்றி, கம்பி முறுக்கி, மெயினைத் திறக்கச் சொன்னேன். நிற்கவில்லை. எங்கள் ஊரின் மெதுவான தண்ணீருக்கும் ஊசி ஓட்டைக்கும் ஏற்ற வைத்தியம் அது; அந்த அமுக்கத்தில் டியூப் பக்கவாட்டில் பீய்ச்சியது. பிளம்பர் கிடைக்கவில்லை, வெளிமாநில பிளம்பர்களையும் வேலை செய்ய அனுமதித்திருந்தார்கள், அப்படியும் ஊரில் உடைந்த குழாய்களுக்கு ஆள் போதவில்லை. கடைகளில் இணைப்புச் சாமான் தீர்ந்திருந்தது. ஒன்பது நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு மூடியைத் தேடிக் கொண்டுவந்தார். குழாயை அறுத்து, அந்தக் கிளையை மட்டும் அடைத்து, மற்ற இடங்களுக்குத் தண்ணீர் விட்டோம்.

அந்த ஒன்பது நாளும் அண்டாவும் தொட்டியும்தான். கழிப்பறையில் ஒரு தடவை ஊற்ற ஆறு லிட்டர் வேண்டும். வெளியே கணுக்காலுக்கு மேல் பனி கிடக்கிறதே, உருக்கலாம் என்று முதல் வாரமே முயன்றோம். பெரிய பாத்திரம் நிறைய அள்ளி அடுப்பில் வைத்தால் அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் மிஞ்சும். புதுப் பனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். பனியும் தீர்ந்த பிறகு எதிர்வீட்டு நீச்சல் குளத்திலிருந்து வாளியில் சுமந்தோம். அண்டாத் தண்ணீரைக் குடிக்கவும் சோறாக்கவும் மட்டும் வைத்தோம். தீரத் தீர எதிர்வீட்டுக் குழாயில் பிடித்து, கொதிக்கவைத்து ஊற்றினோம். என் மனைவி கையளவு தண்ணீரில் ஒரு தட்டைக் கழுவுவதை அப்போதுதான் பார்த்தேன். அவள் ஊர் வறண்ட கோவில்பட்டி. சொல்லித்தர வேண்டியதே இல்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை தண்ணீர் அம்மாவைத் தேடி வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்து, தூத்துக்குடியின் தாழ்வான நகர்களெல்லாம் மூழ்கின. அம்மா அப்போது பிரையண்ட் நகரில் தனியாக இருந்தாள். சாதாரண ஐப்பசி மழைக்கே முட்டளவு நிற்கிற பகுதி. செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன. இரண்டு நாள் அவள் குரல் கிடைக்கவில்லை. நான் பிளானோவில், எப்போதும் தண்ணீர் வருகிற வீட்டில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் சித்தி மகன் படகில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசினான். மழை தொடங்கிய அன்று காலையிலேயே அம்மா ஏழு குடத்தையும் ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றியிருக்கிறாள். எழுபத்தொரு வயது. கீழே இடுப்பளவு சாக்கடை கலந்த தண்ணீர். மாடியில் ஏழு குடம் நல்ல தண்ணி. அதில் நாலு குடத்தைப் பக்கத்து மாடியில் கைக்குழந்தையோடு இருந்தவர்களுக்குக் கயிறு கட்டி இறக்கிவிட்டிருக்கிறாள். ஆற்றோரத்து உறைகிணறுகளும் குழாய்களும் வெள்ளத்தில் சேதமாகி, ஊருக்கே குடிநீர் நின்றிருந்தது. அந்த வருசக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் நட்சத்திரம் தொங்கவில்லை.

ஜனவரியில் நான் போனேன். தெருவுக்குத் தண்ணீர் வந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வெள்ளம் மண்ணை அரித்து, தெருக்குழாயிலிருந்து சம்ப்புக்கு வரும் பிவிசி பைப் எல்போவில் முறிந்து, சேறு அடைத்திருந்தது. பிளம்பர் தம்பி ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். அவர் வெட்டத் தொடங்குமுன் நான் கேட்டது, "வால்வை மூடியாச்சா தம்பி?" அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். சம்ப்பை இறைத்து, சேற்றை வழித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். இரண்டு நாள் வேலை. வீட்டுச் சுவருக்கு உள்பக்கம், அம்மா குனியாமல் தொடுகிற உயரத்தில் புதிதாக ஒரு கேட் வால்வு வைக்கச் சொன்னேன். அவள் அதை இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தாள்.

பொங்கல் கழிந்த ராத்திரி, இரண்டு மணி இருக்கும், குழாய் இருமியது. நான் எழுந்து உட்காருவதற்குள் அம்மா முற்றத்தில் இருந்தாள். முதல் குடத்தைப் பிடித்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், முருங்கைக்குக் கீழே கொட்டினாள். இரண்டாவதையும் கொட்டினாள். மூன்றாவதைக் கொஞ்சம் கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்து, இடுப்பில் ஏற்றினாள்.

அந்த நேரத்தில் பிளானோவிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். அங்கே மத்தியானம், மறுபடி ஒரு கடுங்குளிர் இறங்கியிருந்தது. இந்த மூன்று வருசத்தில் பரண் குழாய்க்கெல்லாம் உறை போட்டாயிற்று; T சாவி வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, எங்கே திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குழாய்கள் சொட்டுவதைக் காட்டினாள். அண்டா நிறைந்திருப்பதைக் காட்டினாள்.

"மூடி வச்சியாட்டி?" என்று அம்மா குடத்தோடு நின்றபடியே கேட்டாள்.

"மூடி தொலைஞ்சுபோச்சு ஆச்சி."

"தாம்பாளத்தைக் கவுத்து வை. தூசி விழும்லா" என்று சொல்லிவிட்டு, அடுத்த குடத்தைக் குழாய்க்குக் கீழே நகர்த்தச் சொல்லி எனக்குக் கை காட்டினாள்.